கை இழுத்ததை ஸ்பிரிங் மறப்பதில்லை

விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய கணினிகளில் பழகியவர்களுக்கு ‘ஸ்பேஸ் கேடட்’ என்ற பின்பால் விளையாட்டு நினைவிருக்கும். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் கீழ் மூலையில் ஒரு தண்டு மெல்லப் பின்வாங்கும். விரலை எடுத்ததும் வெள்ளிப் பந்து சீறிக்கொண்டு மேலே ஏறும். சற்று நேரமே அழுத்தினால் பாதி வழி போய்த் திரும்பிவிடும். நெடுநேரம் அழுத்தினால் உச்சி வளைவைச் சுற்றிக்கொண்டு களத்துக்குள் இறங்கும். பந்தை ஏவும் அந்தத் தண்டின் பெயர் பிளஞ்சர்.

ஸ்பேஸ் பாருக்குத் தெரிந்தவை இரண்டே செய்திகள்: அழுத்தியிருக்கிறது, அழுத்தவில்லை. எவ்வளவு தூரம், எவ்வளவு பலம் என்பதெல்லாம் அதற்கு எட்டாது. அதனால் நிரல் ஒரு மாற்றுவழி கண்டது. எத்தனை நேரம் அழுத்தப்பட்டது என்று எண்ணி, அந்த நேரத்தையே இழுத்த தூரமாக எடுத்துக்கொண்டது. நாம் தண்டை இழுப்பதாக நினைத்துக்கொண்டு கடிகாரத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த விளையாட்டு பின்னாளில் விண்டோஸிலிருந்து ஏன் காணாமல் போனது என்பதைப் பற்றி மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2012இல் எழுதினார். 64 பிட் கணினிகளுக்கு மாற்றியபோது, பந்து எதில் மோதுகிறது என்று கணிக்கும் பகுதியில் கோளாறு ஏற்பட்டது. ஆட்டம் தொடங்கியதும் பந்து பிளஞ்சரின் மேல் வந்து நிற்காமல், அதை ஊடுருவிக்கொண்டு திரைக்குக் கீழே விழுந்துவிட்டதாம். திரையில் இருக்கும் பிளஞ்சருக்கு உடம்பு கிடையாது. நிரல் ‘இங்கே ஒரு தடை இருக்கிறது’ என்று சொல்லும் வரைதான் அது தடை.

அந்தப் பிளஞ்சருக்கு உடம்பைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வீட்டிலேயே மரப்பலகையை அறுத்து, பழைய கணினியையும் திரையையும் உள்ளே வைத்து, ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பொருத்தி ஆர்க்கேட் பெட்டி செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 1997இல் தொடங்கிய ‘மேம்’ என்னும் நிரல் பழைய ஆர்க்கேட் விளையாட்டுகளை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்ததிலிருந்து இது ஒரு பெரிய பொழுதுபோக்காக வளர்ந்தது. அந்தப் பெட்டியின் பட்டன்கள் அநேகமாக எல்லாமே சுவிட்சுகள். சாதாரண ஜாய்ஸ்டிக்கைப் பிரித்தால் உள்ளே இருப்பவையும் நான்கு சுவிட்சுகள்தான். அதாவது, பெட்டி முழுக்க ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களிலேயே பேசுகிறது. அதில் ஒரு நிஜ பிளஞ்சரைப் பொருத்துவது, அந்தப் பேச்சில் ‘கொஞ்சம்’, ‘இன்னும் கொஞ்சம்’, ‘மயிரிழை கூட’ என்ற சொற்களைச் சேர்ப்பதற்குச் சமம். பார்வைக்கு ஒரு துளை, சில திருகாணிகள். உள்ளே போனால் அழகான இயற்பியல் காத்திருக்கிறது.

ஒரு நகரத்தை நம்பவைத்த தண்டு

18ஆம் நூற்றாண்டு பிரான்சில் பேகடெல் என்ற மேசை விளையாட்டு பரவியது. சாய்ந்த பலகையில் ஆணிகள், ஆணிகளுக்கு இடையே குழிகள். கோலால் பந்தைத் தட்டி மேலே அனுப்ப வேண்டும். அது ஆணிகளில் பட்டுப் பட்டு இறங்கும். 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வாழ்ந்த மாண்டேகு ரெட்கிரேவ் இந்த விளையாட்டில் செய்த சீர்திருத்தங்களுக்குக் காப்புரிமை பெற்றார். கோலுக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் பிளஞ்சர் அதில் இருந்தது. நம் ஊர்ப் பொம்மைக் கடைகளில் விற்ற, ஆணி அடித்த மரப்பலகையும் இரும்புக் குண்டுகளும் கொண்ட பேகடெல் போர்டு இதே வம்சம்தான். அதன் வலது ஓரத்தில் இருந்த சின்னத் தண்டை இழுத்து விட்டவர்கள் எல்லோரும் பிளஞ்சரைக் கையாண்டவர்களே.

1931இல் சிகாகோவில் டேவிட் காட்லீப் ‘பேஃபிள் பால்’ என்ற காசு போட்டு ஆடும் எந்திரத்தை வெளியிட்டபோது பின்பால் ஒரு தொழிலாயிற்று. இன்று பின்பால் என்றதும் நாம் நினைக்கும் ஃபிளிப்பர்கள், அதாவது பந்தைத் தட்டிவிடும் இரண்டு துடுப்புகள், அப்போது இல்லை. அவை 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ எந்திரத்தில்தான் வந்தன. அதுவரை ஆடுபவர் கையில் இருந்தவை இரண்டு: பிளஞ்சரை எவ்வளவு இழுப்பது என்பதும், பெட்டியை லேசாக அசைத்துவிடுவதும்.

அந்த ஆட்டத்தில் திறமைக்கு இடமே இல்லை, அது வெறும் சூதாட்டம் என்று கருதிய நியூயார்க் மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியா 1942இல் நகரத்தில் பின்பாலைத் தடை செய்தார். கைப்பற்றிய எந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1976 ஏப்ரலில் நகர்மன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் சாட்சி சொல்ல வந்தார். அவர் முன் ஓர் எந்திரத்தை வைத்து ஆடச் சொன்னார்கள். ஃபிளிப்பர்களால் ஆடிக் காட்டிய பிறகு, அவர் பிளஞ்சரைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார்: இப்போது நான் விடும் பந்து மேலே உள்ள பாதைகளில் நடுப்பாதை வழியாக இறங்கும். இழுத்தார், விட்டார். பந்து நடுப்பாதையில் இறங்கியது. குழு தடையை நீக்க வாக்களித்தது.

முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்வதற்குப் பெயர்தான் திறமை. சொன்னபடி செய்ய வேண்டுமானால் கருவி ஒரு வாக்குக் கொடுத்திருக்க வேண்டும்: நீ ஒரே அளவு இழுத்தால் நான் ஒரே வேகத்தில் அடிப்பேன். இந்த வாக்கு உடைந்தால் பின்பால் லா கார்டியா சொன்ன சூதாட்டமாகவே ஆகிவிடும். வீட்டுப் பெட்டியில் பிளஞ்சர் பொருத்துபவரின் முன் உள்ள வேலையும் இதுதான். அந்த வாக்கை இரும்பிலிருந்து மின்சாரத்துக்கும், மின்சாரத்திலிருந்து எண்ணுக்கும் சிதையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கழற்றிப் பார்த்தால்

ஒரு பின்பால் பிளஞ்சரைக் கழற்றி மேசையில் பரப்புங்கள். விரல்கள் பிடிக்கும் குமிழ். அதிலிருந்து நீளும் எஃகுத் தண்டு. தண்டு வழுக்கி ஓடும் உலோகக் கூடு. கூட்டுக்குள் தேய்மானத்தைத் தாங்கும் நைலான் உறை. தண்டின் முனையில் பந்தைத் தொடும் ரப்பர் மூக்கு. அதற்குச் சற்றுப் பின்னால், தண்டில் வெட்டிய பள்ளத்தில் உட்காரும் ‘ஈ’ வடிவக் கிளிப்பும் ஒரு வாஷரும். ஸ்பிரிங்குகள் இரண்டு. நீளமானது பெட்டிக்கு உள்ளே, கூட்டுக்கும் வாஷருக்கும் இடையில் இருக்கிறது. குட்டையானது பெட்டிக்கு வெளியே, குமிழுக்கும் கூட்டுக்கும் இடையில் இருக்கிறது.

பலரும் பிளஞ்சரை இழுக்கும்போது ஸ்பிரிங் நீள்வதாக நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. குமிழை வெளியே இழுத்தால் தண்டோடு வாஷரும் பின்னால் வருகிறது. வாஷருக்கும் கூட்டுக்கும் நடுவே சிக்கிய நீள ஸ்பிரிங் நசுங்குகிறது. உண்டிவில்லின் ரப்பர் நீண்டு ஆற்றலைச் சேர்க்கிறது. பிளஞ்சரின் ஸ்பிரிங் ஒடுங்கி அதையே செய்கிறது. குட்டை ஸ்பிரிங்கின் வேலை வேறு. பாய்ந்து வரும் தண்டு, ஓய்வு நிலையைத் தாண்டி இன்னும் சுமார் அரை அங்குலம் முன்னே போகும். அப்போது குமிழ் கூட்டில் மோதி உடையாமல் தாங்கிப் பிடிப்பது அந்தக் குட்டை ஸ்பிரிங். பின்னால் இரண்டரை அங்குலம், முன்னால் அரை அங்குலம், ஆக மொத்தம் மூன்றங்குலப் பயணம். இந்த மூன்றங்குலத்துக்குள்தான் ஆட்டக்காரரின் முழுத் திறமையும் அடங்குகிறது.

ஸ்பிரிங் கொடுக்கும் வாக்கைச் சட்டமாக எழுதியவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். ஸ்பிரிங்கை எவ்வளவு சிதைக்கிறோமோ, அதே விகிதத்தில் அது எதிர்த்துத் தள்ளும் என்பது அவர் கண்டது. யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்று 1676இல் அந்த உண்மையை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டார். 1678இல் புதிரை அவிழ்த்தார். அந்தச் சட்டத்திலிருந்து இன்னொன்று தானாக வருகிறது. ஒரு மடங்கு அதிகமாக நசுக்க, ஒரு மடங்கு அதிகத் தூரத்தையும் ஒரு மடங்கு அதிக விசையையும் சேர்த்தே கொடுக்கிறோம். ஆகவே இரு மடங்கு இழுத்தால் சேரும் ஆற்றல் நான்கு மடங்கு. பந்தின் ஆற்றலும் அதன் வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், நான்கு மடங்கு ஆற்றல் கொடுப்பது இரு மடங்கு வேகம். சுற்றி வளைத்துக் கணக்கு எளிமையாக முடிகிறது: இரு மடங்கு இழு, இரு மடங்கு வேகம். நிஜ பிளஞ்சரில் ஸ்பிரிங் ஓய்விலேயே சற்று நசுங்கி இருப்பதால் இது துல்லியமாகப் பொருந்தாது. ஆனால் கைக்குப் பிடிபடும் அளவுக்குப் பொருந்துகிறது. கை இதைப் படிக்காமலே கற்றுக்கொள்கிறது.

அந்த வேகம் எவ்வளவு தேவை? பின்பால் பந்து 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டை. எடை சுமார் 80 கிராம். களம் வழக்கமாக ஆறரை டிகிரி சாய்ந்திருக்கும். ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் அந்தச் சரிவின் உச்சிக்குப் பந்து ஏற, செங்குத்தாகக் கணக்கிட்டால் 12 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ அரைச் சாண் உயரம்தான். அதற்கு வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகமாவது வேண்டும். உராய்வையும் பந்து உருளச் செலவாகும் ஆற்றலையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். முழுதாக இழுத்துவிட்டால் தண்டு வினாடிக்கு மூன்று மீட்டர் அளவில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சிக்கல் இதில்தான் ஒளிந்திருக்கிறது.

தண்டைப் பார்க்கும் கண்கள்

தண்டு எங்கே நிற்கிறது என்று கணினிக்குச் சொல்ல ஒரு சென்சார் வேண்டும். மிக மலிவானது, ஒலிக் கலவை மேசைகளில் மேலும் கீழும் தள்ளும் ஸ்லைடர். நீளமான ஒரு மின்தடைப் பட்டையின் மேல் ஒரு தொடுமுனை ஓடுகிறது. பட்டையின் ஒரு நுனிக்கு 3.3 வோல்ட், மறு நுனிக்குப் பூஜ்யம். தொடுமுனை நடுவில் நின்றால் அதில் 1.65 வோல்ட்; கால்வாசியில் நின்றால் அதற்கேற்ற மின்னழுத்தம். தூரம் மின்னழுத்தமாக மொழிபெயர்ந்துவிட்டது. 2021இல் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை பீக்கோ போன்ற சின்னச் சர்க்யூட் பலகை, அந்த 3.3 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரித்துப் படிக்கும். 80 மில்லிமீட்டரை 4096 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 0.02 மில்லிமீட்டர். கடைசி இலக்கங்கள் மின்சார இரைச்சலில் ஆடினாலும், விரல் நடுங்குவது எண்ணில் தெரியும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஒலிக் கருவிகளுக்கான ஸ்லைடர்கள் பல, நம் காது கேட்கும் விதத்துக்கேற்ப வளைந்த விகிதத்தில் மாறும். ஒரு முனையில் மெதுவாகவும் மறுமுனையில் மடமடவென்றும் ஏறும். அதைப் பிளஞ்சருக்குப் போட்டால் பாதி இழுத்ததும் கால்வாசியாகப் பதிவாகும். ஹூக்கின் நேர்விகிதம் முதல் கம்பியிலேயே கோணிப்போகும். நேர்விகிதத்தில் மாறுவதுதான் வேண்டும். பெரும்பாலும் மதிப்போடு ‘பி’ என்ற எழுத்தைத் தாங்கி வருவது அதுவே. இன்னொரு குறை, தொடுவதால் வரும் தேய்மானம். ஆயிரக்கணக்கான தடவை அறைந்தபின் பட்டை தேயும், தூசி சேரும், எண்கள் குதிக்கும்.

தொடாமலே பார்க்க வழிகள் உண்டு. இவற்றில் என் மனம் கவர்ந்தது நிழலைப் படிக்கும் முறை. அங்குலத்துக்கு 400 என்ற கணக்கில் 1280 ஒளிப்புள்ளிகள் வரிசையாக அமைந்த சென்சார் பட்டை ஒன்று உண்டு. நீளம் 3.2 அங்குலம், பிளஞ்சரின் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல. எதிரே ஓர் எல்.இ.டி. விளக்கு. இடையில் பிளஞ்சரின் முனை நகர்கிறது. அதன் நிழல் பட்டையில் விழ, எத்தனையாவது புள்ளியில் வெளிச்சம் முடிந்து இருட்டுத் தொடங்குகிறது என்று பார்த்தால் போதும். சூரிய கடிகாரத்தின் அதே தத்துவம், மூன்றங்குலத்துக்குள்.

மற்றொன்று, அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது தண்டின் முனையில் பட்டுத் திரும்ப ஆகும் நேரத்திலிருந்து தூரத்தைக் கணிக்கும் சில்லு. ஒளி ஒரு மில்லிமீட்டர் போய்த் திரும்ப எடுக்கும் நேரம் ஏறத்தாழ 6.7 பீக்கோவினாடி. ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துண்டுதான் பீக்கோவினாடி. அத்தகைய துண்டுகளை எண்ணிப் பார்க்கும் பொருள் இன்று நகக்கண் அளவுச் சில்லாக விற்பனைக்கு வருகிறது.

கண்ணில் படாத 30 மில்லிவினாடி

சென்சார் பொருத்தியாயிற்று. குமிழை மெல்ல இழுத்தால் திரையில் தண்டும் மெல்ல வருகிறது. கையை ஆட்டினால் கூடவே ஆடுகிறது. வேலை முடிந்தது போலத் தோன்றும். பிறகு குமிழை விடுவார்கள். பந்து ஒரு தடவை உச்சிக்குப் போகும். அடுத்த தடவை, அதே அளவு இழுத்தும், பாதியில் நின்றுவிடும். கம்பியைச் சந்தேகிப்பார்கள், சென்சாரைச் சந்தேகிப்பார்கள். கோளாறு அங்கெல்லாம் இருக்காது.

ஒதுக்கி வைத்த எண்ணை இப்போது எடுப்போம். வினாடிக்கு மூன்று மீட்டர் என்பது தண்டின் உச்ச வேகம். ஓய்ந்த நிலையிலிருந்து வேகம் பிடித்து இரண்டரை அங்குலத்தை, அதாவது 63 மில்லிமீட்டரைக் கடக்க அதற்கு ஆவது ஏறத்தாழ 33 மில்லிவினாடி. நாம் ஒருமுறை கண் இமைக்க 100 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். இமை மூடித் திறப்பதற்குள் பிளஞ்சர் மூன்று முறை பாய்ந்திருக்கும்.

விளையாட்டு நிரலோ வினாடிக்கு 60 முறை திரையை வரைகிறது. ஒவ்வொரு முறை வரையும்போதும் பிளஞ்சர் எங்கே என்று ஒருமுறை பார்க்கிறது என்று கொள்வோம். இரண்டு பார்வைகளுக்கு இடையே 16.7 மில்லிவினாடி. ஆக முழுப் பாய்ச்சலில் அது தண்டைப் பார்ப்பது இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று.

அது என்ன பார்க்கும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டேன். கையை விட்ட அதே கணத்தில் நிரலின் பார்வையும் விழுந்தால், ஓய்வு நிலையிலிருந்து தண்டு இருக்கும் தூரங்கள் மில்லிமீட்டரில் இப்படி வரும்: 63, 44, 0. கையை விட்ட பிறகு பத்து மில்லிவினாடி தாமதித்துப் பார்வை விழுந்தால்: 56, 19, பிறகு ஓய்வைத் தாண்டி முன்பக்கம் ஏறத்தாழ 8. இழுப்பு ஒன்றே, பாய்ச்சல் ஒன்றே. ஆனால் அடுத்தடுத்த பார்வைகளுக்கு இடையே தண்டு நகர்ந்த தூரத்தை வைத்து வேகம் கணித்தால் முதல் வரிசை வினாடிக்கு 2.6 மீட்டர் என்கிறது, இரண்டாவது 2.2 மீட்டர் என்கிறது. இரண்டுமே உண்மையான 3 மீட்டரைத் தொடவில்லை. ஆற்றலாகப் பார்த்தால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்த வித்தியாசத்தைத் தீர்மானித்தது ஆட்டக்காரரின் கை அல்ல. கை விட்ட கணமும் நிரலின் கடிகாரமும் எப்படி உரசிக்கொண்டன என்ற தற்செயல்.

இதோடு நிற்பதில்லை. தண்டு முன்னே பாய்ந்து குட்டை ஸ்பிரிங்கில் மோதிப் பின்னால் துள்ளும். ஒரு பார்வை துள்ளலின்போது விழுந்தால், தண்டு இன்னும் பாதி வழியில் நிதானமாக வந்துகொண்டிருப்பது போல நிரலுக்குத் தோன்றும். திரைப்படத்தில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போலத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கேமரா விட்டு விட்டுப் பார்ப்பதால் வரும் மயக்கம் அது. வேகமாக நடப்பதை விட்டு விட்டுப் பார்ப்பவருக்கு, குறைவாகத் தெரிவது மட்டும் ஆபத்தல்ல, தவறாகத் தெரியும். தொலைபேசி, இசைக் குறுந்தட்டு, மருத்துவ ஸ்கேன் என்று அளந்து எண்ணாக்கும் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான விதி இது. அந்த விதிக்கு இலக்கணம் வகுத்தவர்களாக ஹாரி நைகுவிஸ்ட், கிளாட் ஷானன் என்ற இரு பெயர்களைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

சூதாட்டம் என்று லா கார்டியா சொன்ன குற்றச்சாட்டு, இந்தப் பெட்டிக்குள் மட்டும் இப்போது நிஜமாகிவிட்டது.

மெதுவானதை அளந்து வேகமானதை அறிவது

முதலில் தோன்றும் பரிகாரம், இன்னும் வேகமாகப் பார்ப்பது. அது பாதி விடை. சென்சாரோடு இணைந்த சின்னப் பலகைக்குத் திரை வரையும் வேலை இல்லை. அது இரண்டு மூன்று மில்லிவினாடிக்கு ஒருமுறை தண்டைப் பார்க்க முடியும். அதன் கண்ணுக்குப் பாய்ச்சல் முழுதாகத் தெரியும். ஆனால் பார்த்ததைச் சொல்லப் போனால், கேட்பவர் எப்போதாவதுதான் காது கொடுக்கிறார். விளையாட்டு நிரல் தன் தாளத்தில்தான் கேட்கும்.

மறுபாதி விடை ஹூக்கிடம் இருக்கிறது. பாய்ச்சல் 33 மில்லிவினாடியில் முடிந்துவிடுகிறது. ஆனால் இழுப்பு? ஆட்டக்காரர் குமிழைப் பிடித்து, நிதானமாக இழுத்து, பந்தையும் பாதையையும் பார்த்து, ஒரு மில்லிமீட்டர் கூட்டி, அரை மில்லிமீட்டர் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அரை வினாடி, ஒரு வினாடி, சில சமயம் அதற்கும் மேல். கணினிக்கு அது பெரிய அவகாசம். அறுபது முறை பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். ஸ்பிரிங்கில் சேர்ந்த ஆற்றல் அந்த நிற்கும் இடத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. விட்ட பிறகு நடப்பதில் ஆட்டக்காரருக்குப் பங்கில்லை. அது ஸ்பிரிங்கின் வேலை, ஸ்பிரிங் சட்டத்தை மீறாது.

ஆகவே பாய்ச்சலின் வேகத்தை அளக்கவே வேண்டாம். எங்கிருந்து விட்டார் என்பதைக் குறித்துக்கொண்டு, விட்டுவிட்டார் என்பதை மட்டும் அறிந்தால் போதும். வேகத்தைக் கணக்கே சொல்லிவிடும். ரேண்டி டேவிஸ் 2000இல் வெளியிட்டு, இன்று ஆர்வலர்கள் பலர் சேர்ந்து வளர்க்கும் ‘விஷுவல் பின்பால்’ நிரல் நிஜ பிளஞ்சரோடு பேசும்போது கைக்கொள்வது இந்த வழி. தண்டு சட்டென்று முன்னே வந்தால் அதை விடுவிப்பு என்று புரிந்துகொண்டு, கடைசியாக நின்ற இடத்திலிருந்து திரையில் உள்ள தண்டைப் பாயவிடுகிறது. பெட்டி செய்பவர்களிடையே பெயர்பெற்ற ‘பின்ஸ்கேப்’ என்ற திறந்தமூலத் திட்டம் மறுகரையிலிருந்து கை கொடுக்கிறது. அதன் பலகை பாய்ச்சலைக் கண்டவுடன், துள்ளல்களை மறைத்து, தண்டு முன்னே வந்துவிட்டது என்ற செய்தியை மட்டும் நிரலின் காதில் விழும்வரை நிறுத்திச் சொல்கிறது.

விட்டதையும், கையில் பிடித்தபடியே மெல்ல முன்னே கொண்டுபோவதையும் பிரித்தறிய வேண்டும் என்பது இதில் உள்ள நுட்பம். சில ஆட்டக்காரர்கள் குமிழைத் தளரப் பிடித்து, பாதி விட்டும் விடாமலும் பந்தை மெல்லத் தள்ளுவார்கள். அப்போது ஸ்பிரிங்கின் கணக்கு செல்லாது. கைதான் தண்டை நடத்துகிறது. நல்லவேளையாக, கை நிதானமானது. அதைப் பார்வைகள் தப்பவிடாது. அளக்க முடிகிற வேகத்தில் நடந்தால் அளந்துகொள், அளக்க முடியாத வேகத்தில் நடந்தால் ஸ்பிரிங்கை நம்பு. இவ்வளவுதான் விதி.

அறிவியலில் இந்த உத்தி பழையது. மரத்திலிருந்து விழும் தேங்காய் தரையில் மோதும் வேகத்தை அறிய, அது மோதும் நொடியைப் படம் பிடிக்கத் தேவையில்லை; மரத்தின் உயரம் தெரிந்தால் பெரும்பாலும் போதும். கண்ணுக்கு எட்டாத விரைவு ஒவ்வொன்றுக்கும் முன்னால், கண்ணுக்கு எட்டும் ஒரு நிதானம் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பவருக்கு வேகமான கருவி தேவைப்படுவதில்லை.

பந்து இல்லாத அடி

நிஜ எந்திரத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். ஸ்டிரைக்கர் காயை நேராக அடித்தால், காய் பறக்கும், ஸ்டிரைக்கர் தளர்ந்துவிடும். வேகம் கை மாறிவிட்டது. நிஜ பின்பாலிலும் தண்டு தன் வேகத்தில் பெரும்பங்கை 80 கிராம் எஃகுப் பந்திடம் ஒப்படைத்துவிட்டு அடங்குகிறது. வீட்டுப் பெட்டியில் பந்து திரையில்தான் இருக்கிறது. தண்டின் முன்னே வெறும் காற்று. வாங்கிக்கொள்ள ஆளில்லாத ஆற்றல் முழுதும் குட்டை ஸ்பிரிங்கில் போய் மோதித் திரும்பிவருகிறது. துள்ளல் இங்கே பெரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். காயில்லாத பலகையில் ஸ்டிரைக்கரைச் சுண்டினால் அது எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்புவது போல.

கைக்கும் அது தெரியும். பந்தைத் தொட்ட ‘டக்’ என்ற அதிர்வு இல்லாமல் இழுப்பு நிறைவு பெறுவதில்லை. அதனால் பெட்டி செய்பவர்கள் உள்ளே ஒரு சாலினாய்டை, அதாவது மின்சாரம் பாய்ந்தால் சட்டென்று உள்ளிழுக்கும் இரும்புத் தண்டு கொண்ட மின்காந்தத்தை வைத்து, திரையில் பந்து அடிபடும் கணத்தில் பலகையைத் தட்டவைக்கிறார்கள். விழிக்கும் செவிக்கும் விரலுக்கும் ஒரே கணத்தில் ஒரே செய்தி வந்தால், மூளை மூன்றையும் கோத்து, இங்கே ஒரு பந்து இருந்தது என்று முடிவு செய்துகொள்கிறது.

எல்லா மேசைகளும் பிளஞ்சரை எதிர்பார்ப்பதில்லை. வில்லியம்ஸ் நிறுவனத்தின் 1991ஆம் ஆண்டு ‘டெர்மினேட்டர் 2’ எந்திரத்தில் பந்தை ஏவுவது துப்பாக்கி வடிவப் பிடியின் விசைவில். அத்தகைய மேசைகள் திரையில் வரும்போது, குமிழை உள்ளே தட்டினால் அதையே பட்டன் அழுத்தியதாகக் கொள்ளும்படி அமைக்கிறார்கள். முன்பக்க அரை அங்குலத்துக்கும் இப்படி ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

பத்து இழுப்பு

இனி உளியும் துளைப்பானும். பிளஞ்சர் வலது கைப்பக்கம், முன்பலகையில் இருக்க வேண்டும். ஃபிளிப்பர் பட்டனிலிருந்து கை இயல்பாக அங்கே இறங்க வேண்டும். தண்டு பின்னாலும் முன்னாலும் ஓட உள்ளே தடையில்லா இடம் வேண்டும். பட்டன்களின் கம்பிகள் அந்த வழியில் தொங்கக் கூடாது. ஸ்லைடரைத் தண்டுக்கு இணையாகப் பொருத்த வேண்டும். நூலிழை கோணினாலும் பயணத்தின் ஒரு முனையில் இறுகி, ஸ்பிரிங்கின் ஆற்றலை உராய்வு தின்றுவிடும். தண்டையும் ஸ்லைடரின் நாக்கையும் இணைக்கும் துண்டில் பக்கவாட்டில் சிறு தளர்வு இருக்கலாம். முன்பின்னாகத் தளர்வு இருந்தால் அத்தனையும் அளவில் பிழையாகும்.

பிறகு அளவு கற்பித்தல். பெட்டி செய்பவர் சர்க்யூட் பலகைக்கு மூன்று இடங்களைக் காட்டுகிறார்: ஓய்வாக நிற்கும் இடம், முழுதாக இழுத்த இடம், முழுதாக உள்ளே தள்ளிய இடம். அன்றுமுதல் அந்த மூன்றும் அதற்கு எல்லைக்கற்கள். கணினிக்கு இது ஒரு ஜாய்ஸ்டிக்கின் அச்சாகத் தெரியும். மற்றதெல்லாம் நிரலின் பொறுப்பு.

கடைசியில் ஒரு சோதனை மீதியிருக்கிறது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். குமிழை வேண்டிய அளவு இழுத்துப் பிடித்து, தண்டின் வெளிப்பகுதியில் கூட்டின் விளிம்பு நிற்கும் இடத்தில் நூலளவு அகலத்துக்கு ஒரு டேப் ஒட்டுங்கள். டேப் விளிம்பைத் தொடும் வரை இழுங்கள், விடுங்கள். பந்து எந்தப் பாதையில் இறங்கியது என்று பாருங்கள். மறுபடி அதே டேப், அதே இழுப்பு. பத்து முறை. பந்துகள் வெவ்வேறு பாதைகளில் சிதறினால் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது: ஸ்லைடர் கோணியிருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம், நிரல் துள்ளலைப் பாய்ச்சலாக எண்ணியிருக்கலாம். திரும்பிப்போய்த் தேட வேண்டும்.

பத்தும் ஒரே பாதையில் இறங்கினால், டேப்பைக் கிழித்து எறிந்துவிடலாம். அதன்பின் அடுத்த பந்து எந்தப் பாதையில் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு, குமிழைப் பிடிக்கலாம்.